யூஎஸ்பி: போர்ட் ஒன்றான கதையும் கேபிள் பலவான கதையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், மோடம், ஸ்கேனர் என்று கணினிக்கு வெளியே மாட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலத்தில் தனித்தனி போர்ட் இருந்தது. இன்று ஏறக்குறைய எல்லாமே டைப்-சி. ஆனாலும் "சொருகினேன், வேலை செய்யவில்லை" என்ற புகார் குறையவே இல்லை. முன்பு பிளக்கைப் பார்த்தாலே அது எதற்கு என்று தெரிந்துவிடும். இன்று பிளக்கை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. இந்த மாற்றம் எப்படி வந்தது என்று புரிந்துகொண்டால் கேபிளுக்கு வீணாகச் செலவழிக்க வேண்டியதில்லை. அதனால் வரலாறு பற்றிய கேள்விகளையும் கடையில் நிற்கும்போது எழும் கேள்விகளையும் சேர்த்தே இங்கே தந்திருக்கிறேன்.

யூஎஸ்பி வருவதற்கு முன் என்னென்ன போர்ட்கள் இருந்தன?

மூத்தது சீரியல் போர்ட். அதன் தரமான ஆர்எஸ்-232 வெளிவந்தது 1960-இல், டெலிபிரிண்டரையும் மோடத்தையும் இணைப்பதற்காக. பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒயரில் அனுப்பும். முதலில் 25 பின் இருந்தது. 1984-இல் ஐபிஎம் பிசி/ஏடி கணினியோடு 9 பின் வடிவம் வந்து நிலைத்தது.

அடுத்தது பிரிண்டருக்கான பேரலல் போர்ட். சென்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்க பிரிண்டர் நிறுவனம் 1970-இல் தன் இயந்திரங்களுக்காக வடிவமைத்தது, எட்டு பிட்களை எட்டு ஒயரில் ஒரே நேரத்தில் அனுப்பும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பில் அடித்த கடைக்காரர்கள் எல்லோருக்கும் அந்தத் தடித்த கேபிளும், இருபக்கமும் கம்பிக் கொக்கி போட்டு இறுக்கும் அந்தப் பிளக்கும் நினைவிருக்கும்.

கீபோர்டுக்கும் மவுஸுக்கும் 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த வட்டமான பிஎஸ்/2. பின்னாளில் கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்று நிறம் பிரித்தார்கள். வேகமான ஹார்ட் டிஸ்க்குக்கும் ஸ்கேனருக்கும் ஸ்கஸி; சங்கிலியாக ஏழு சாதனங்கள் வரை கோக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் கையால் எண் கொடுத்து, முனையில் டெர்மினேட்டர் என்ற முடிப்புப் பிளக்கை மாட்ட வேண்டும். ஜாய்ஸ்டிக்குக்கு இன்னொரு போர்ட்.

போர்ட் பல இருந்தால் என்ன? அதில் என்ன அவ்வளவு சிரமம்?

சிரமம் பிளக்கில் மட்டும் இல்லை, உள்ளே இருந்தது. ஒரு சாதனம் பிராசஸரின் கவனத்தை இழுக்க அதற்கென ஒரு குறுக்கீட்டு எண் தேவை. ஐஆர்கியூ என்பார்கள். பழைய பிசியில் மொத்தமே 16 எண்கள். அதில் பலவற்றைக் கணினி தனக்கென்று முதலிலேயே எடுத்துக்கொள்ளும். நான்கு சீரியல் போர்ட்களுக்கும் மிஞ்சியவை இரண்டே. சீரியல் போர்ட்களைக் காம்1, காம்2 என்று எண் போட்டு அழைப்பார்கள். காம்1-ம் காம்3-ம் 4-ஆம் எண்ணைப் பகிர்ந்துகொண்டன. காம்2-ம் காம்4-ம் 3-ஆம் எண்ணை.

இதன் விளைவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது, அது கிடைத்த முதல் நான்கு நகரங்களில் சென்னையும் ஒன்று. டயல்-அப் மோடம் வாங்கி வந்து மாட்டுகிறீர்கள். மவுஸ் காம்1-இல் இருக்கிறது, புது மோடம் காம்3-இல் உட்காருகிறது. மோடம் டயல் செய்யும், சத்தம் போடும், இணைப்பும் கிடைக்கும். மவுஸைத் தொட்டதும் இணைப்பு அறுந்துவிடும், அல்லது மவுஸ் உறைந்துவிடும். தீர்வு, கணினியை அணைத்து, மூடியைக் கழற்றி, மோடம் கார்டில் இருக்கும் ஜம்பர் என்ற நகம் அளவுத் துண்டைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகுவது. ஒரு சாதாரணக் குடும்பத்தில் இதை யார் செய்வார்கள்? தெரிந்தவரைக் கூப்பிட்டு, அவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். போதாததற்கு, கணினி ஓடும்போது பிஎஸ்/2 கீபோர்டைக் கழற்றி மாட்டினால் மதர்போர்டே பழுதாகும் அபாயமும் இருந்தது.

யூஎஸ்பியை உருவாக்கியது யார்?

காம்பேக், டெக், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், நெக், நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் 1994-இல் சேர்ந்து தொடங்கின. இன்டெலில் இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் அஜய் பட். பரோடாவில் படித்து அமெரிக்கா சென்ற பொறியாளர். வீட்டில் பிரிண்டரை மாட்டுவதே பெரும்பாடாக இருந்ததுதான் இந்த யோசனைக்குத் தூண்டுதல் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதல் பதிப்பான யூஎஸ்பி 1.0 வெளிவந்தது 1996 ஜனவரியில்.

சொருகியதும் அது மவுஸா பிரிண்டரா என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது?

யூஎஸ்பியின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பழைய, நீள்சதுரமான டைப்-ஏ பிளக்கின் உள்ளே பாருங்கள். நான்கு தகடுகள் தெரியும். ஓரத்தில் உள்ள இரண்டும் மின்சாரத்துக்கு, நடுவில் உள்ள இரண்டும் தகவலுக்கு. ஓரத்துத் தகடுகள் சுமார் 1 மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். அதனால் சொருகும்போது மின்சாரம் முதலில் தொடும், தகவல் ஒயர் பிறகு தொடும். கழற்றும்போது தகவல் முதலில் விடும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே தைரியமாகச் சொருகலாம் என்ற வசதியின் அடித்தளம் இந்த 1 மில்லிமீட்டர்.

மின்சாரம் கிடைத்ததும், சாதனத்தில் உள்ள 1.5 கிலோ-ஓம் ரெசிஸ்டர் ஒன்று, இரண்டு தகவல் ஒயர்களில் ஒன்றின் வோல்டேஜை மேலே இழுக்கும். எந்த ஒயர் உயர்கிறது என்பதை வைத்தே அது மெதுவான சாதனமா வேகமான சாதனமா என்று கணினி அறியும். பிறகு கணினி அதை ரீசெட் செய்து, 1 முதல் 127 வரை ஒரு முகவரி கொடுத்து, "நீ யார், எந்த வகை, எவ்வளவு மின்சாரம் வேண்டும்?" என்று கேட்கும். இந்தப் பதில் வரும்வரை 100 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. பதில் ஏற்கப்பட்டால் 500 வரை எடுக்கலாம்.

ஐஆர்கியூ தகராறு இங்கே எழவே எழாது. வகுப்பில் ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் மாணவர் பேசலாம் என்பது போல, கணினி ஒவ்வொரு சாதனமாகக் கேட்டுக்கொண்டே வரும். சாதனம் தானாக வாய் திறக்காது. எத்தனை சாதனம் மாட்டினாலும் யூஎஸ்பி கன்ட்ரோலர் ஒன்றுதான் பிராசஸரின் கதவைத் தட்டும். ஜம்பர் பிடுங்கிய காலம் இப்படித்தான் முடிந்தது.

டைப்-ஏ பிளக்கை ஏன் இரண்டு பக்கமும் செருகும்படி செய்யவில்லை?

செலவு. இருபக்கமும் செருக வேண்டுமானால் ஒயர்களும் சர்க்யூட்டும் கூடும், விலை ஏறும். விலை ஏறினால் கணினித் தயாரிப்பாளர்கள் இதைச் சீந்தக்கூட மாட்டார்கள் என்ற நிலை அன்று. எரிச்சலூட்டும் முடிவுதான், ஆனால் சரியான முடிவு. மலிவாக இருந்ததால்தான் யூஎஸ்பி பிழைத்தது.

1996-இல் வந்தும் உடனே ஏன் பரவவில்லை?

போர்ட் இருந்தது, ஆதரவு இல்லை. விண்டோஸ் 95-இன் பிந்தைய சில வெளியீடுகளில் அரைகுறையாகத்தான் இருந்தது. 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, விண்டோஸ் 98-இல் ஒரு ஸ்கேனரை யூஎஸ்பியில் சொருகிக் காட்டினார்கள். திரை நீலமாகி கணினி நின்றுபோனது. அரங்கமே சிரித்தது. ஆனாலும் இரண்டு மாதத்தில் வெளிவந்த விண்டோஸ் 98-தான் யூஎஸ்பியை ஒழுங்காக ஆதரித்த முதல் விண்டோஸ்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஆப்பிளின் ஐமேக் விற்பனைக்கு வந்தது. அதில் பழைய சீரியல் போர்ட் இல்லை, ஸ்கஸி இல்லை, ஃபிளாப்பியும் இல்லை. வெளிச் சாதனங்களை மாட்ட யூஎஸ்பி இரண்டு, அவ்வளவுதான். பிரிண்டர் செய்பவர்களும் கீபோர்டு செய்பவர்களும் யூஎஸ்பிக்கு மாறியே தீர வேண்டிய கட்டாயம் வந்தது. கூட்டணியில் இல்லாத ஒரு நிறுவனம்தான் தைரியமாகப் பழையதை வெட்டிவிட்டது.

பிறகு 2000-இல் பென் டிரைவ் வந்தது. சிங்கப்பூரின் டிரெக் நிறுவனமும், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸுடன் சேர்ந்து ஐபிஎம்மும் விற்பனையைத் தொடங்கின. ஐபிஎம் விற்றது 8 எம்பி. இன்று ஒரு போட்டோவுக்கே போதாது, ஆனால் 1.44 எம்பி ஃபிளாப்பிகள் ஐந்தைச் சுமந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. அதே ஆண்டு யூஎஸ்பி 2.0 வந்து வேகத்தை 12 எம்பிபிஎஸ்ஸிலிருந்து (நொடிக்கு 12 மெகாபிட்) 480-க்கு ஒரேயடியாக உயர்த்தியது. பேரலல் போர்ட்டின் காலம் அதோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

ஃபயர்வயர் இதைவிடச் சிறந்தது என்கிறார்களே? பிறகு ஏன் தோற்றது?

தொழில்நுட்பத்தில் சிறந்ததுதான், சந்தேகமே வேண்டாம். ஃபயர்வயர் என்பது யூஎஸ்பிக்குப் போட்டியாக இருந்த இன்னொரு இணைப்பு முறை. ஆப்பிள் தொடங்கி, 1995-இல் ஐஇஇஇ 1394 என்ற தரமாக வெளிவந்தது. யூஎஸ்பி 12 எம்பிபிஎஸ்ஸில் இருந்தபோது ஃபயர்வயர் 400. கணினி கேட்டால்தான் பேச வேண்டும் என்ற கட்டுப்பாடு கிடையாது. இரண்டு சாதனங்கள் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். தடங்கல் இல்லாமல் தொடர்ந்து ஓடும். யூஎஸ்பி 2.0 காகிதத்தில் 480 என்றாலும், பெரிய கோப்பை நகலெடுக்கும்போது ஃபயர்வயர் 400-தான் முந்தும்.

நம் ஊர் கல்யாண வீடியோக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மினி-டிவி (MiniDV) என்ற டிஜிட்டல் வீடியோ கேசட் ஓடிய காலத்தில் கேமராவிலிருந்து கணினிக்குக் காட்சியை இறக்க ஃபயர்வயர் கார்டு இல்லாமல் எடிட்டிங் ஸ்டூடியோ நடத்த முடியாது. ஒரு மணி நேரக் கேசட்டை இறக்க ஒரு மணி நேரம் ஆகும். இடையில் ஒரு ஃபிரேம்கூட விடாமல் வந்து சேரும்.

தோல்விக்குக் காரணம் பணம். ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் புத்திசாலியான சிப் தேவை என்பதால் அடக்க விலை அதிகம். அதன்மேல், ஒரு போர்ட்டுக்கு ஒரு டாலர் உரிமத் தொகை என்று ஆப்பிள் கேட்டது. பிறகு ஒரு சாதனத்துக்கு 25 சென்ட் என்று இறங்கியும் பயனில்லை, இன்டெல் அதற்குள் யூஎஸ்பி 2.0-வின் பக்கம் முழுமையாகச் சாய்ந்துவிட்டது. 2001-இல் வந்த முதல் ஐபாடில் ஃபயர்வயர் மட்டுமே இருந்தது. சில ஆண்டுகளில் ஐபாடும் யூஎஸ்பிக்கு மாறியது. நல்ல தொழில்நுட்பம் ஒரு டாலரில் சந்தையை இழந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

யூஎஸ்பி 3.0, 3.1, 3.2... என்ன வித்தியாசம்?

இதில் குழம்புவது உங்கள் தவறே இல்லை. யூஎஸ்பி 3.0 வந்தது 2008 நவம்பரில், 5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 5 கிகாபிட்). நீல நிற பிளாஸ்டிக் நாக்கு இருந்தால் 3.0 என்று எளிதாக அடையாளம் காணலாம். இதுவரை எல்லாம் சரி.

2013-இல் 10 ஜிபிபிஎஸ் வேகத்தோடு 3.1 வந்தது. அப்போது பழைய 3.0-வின் பெயரை "3.1 ஜென் 1" என்று மாற்றினார்கள். 2017-இல் 20 ஜிபிபிஎஸ்ஸோடு 3.2 வந்தது. மறுபடியும் பெயர் மாற்றம்: அதே பழைய 5 ஜிபிபிஎஸ் இப்போது "3.2 ஜென் 1". ஆக, 2008-இன் வேகத்தைக் கொண்ட ஒரு பொருளை "யூஎஸ்பி 3.2" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு விற்க வழி பிறந்தது. விற்பவருக்கு வசதி, வாங்குபவருக்கு நட்டம். தரத்தை நிர்வகிக்கும் யூஎஸ்பி-ஐஎஃப் அமைப்பு செய்த மோசமான காரியம் இது. 2022-இல்தான் திருந்தி, பெட்டிமேல் வேகத்தையே அச்சிடச் சொன்னார்கள். நீங்கள் பதிப்பு எண்ணை மறந்துவிடுங்கள். 5, 10, 20, 40 ஜிபிபிஎஸ் என்ற எண்ணை மட்டும் தேடுங்கள்.

5 ஜிபிபிஎஸ் என்றால் நொடிக்கு 5 ஜிபி நகலாகுமா?

ஆகாது. அது பிட் கணக்கு, கோப்பு பைட் கணக்கு. 5 ஜிபிபிஎஸ்ஸில் அனுப்பும் ஒவ்வொரு 10 பிட்டிலும் 8 தான் உங்கள் தகவல், மீதி ஒழுங்குக்கு. ஆக உச்சம் நொடிக்கு 500 எம்பி, கையில் கிடைப்பது 400-ஐ ஒட்டி. அதுவும் எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்) இருந்தால். மலிவான பென் டிரைவ் உள்ளேயே மெதுவானது, போர்ட் எவ்வளவு வேகமானாலும் பயனில்லை.

வெளி ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறதே?

யூஎஸ்பி 3.0 ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழும். மவுஸின் சிறிய ரிசீவரும் அதே அலைவரிசைதான். இன்டெல்லே 2012-இல் இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. ரிசீவரை எதிர்ப்பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள். மவுஸை மாற்ற வேண்டியதில்லை.

எல்லா டைப்-சி கேபிளும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. அதிகம் பணம் வீணாவது இந்த நம்பிக்கையில்தான்.

டைப்-சி என்பது 2014-இல் வந்த ஒரு பிளக்கின் வடிவம் மட்டுமே. சாக்கெட்டுக்குள் 24 தொடுபுள்ளிகள் உண்டு. ஆனால் கேபிளில் அத்தனைக்கும் ஒயர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போனோடு வரும் பெரும்பாலான கேபிள்களில் சார்ஜுக்கான ஒயர்களும், யூஎஸ்பி 2.0-வுக்கான ஒரு ஜோடியும்தான். 2023-இல் வந்த ஐபோன் 15 ப்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். போன் 10 ஜிபிபிஎஸ் தரும். பெட்டியில் வந்த கேபிளோ 480 எம்பிபிஎஸ். 64 ஜிபி வீடியோவை அந்தக் கேபிளில் இறக்கினால் ஏறக்குறைய அரை மணி நேரம். சரியான கேபிளில் ஓரிரு நிமிடம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

டைப்-சியில் சிசி என்று இரண்டு தொடுபுள்ளிகள் உள்ளன. எந்தப் பக்கம் திருப்பிச் செருகினீர்கள், யார் மின்சாரம் கொடுப்பது, யார் வாங்குவது என்பதையெல்லாம் இவைதான் முடிவு செய்யும். வாங்கும் சாதனத்தில் ஒவ்வொரு சிசிக்கும் தனியாக 5.1 கிலோ-ஓம் ரெசிஸ்டர் வேண்டும். 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியின் முதல் போர்டுகளில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் வைத்துவிட்டார்கள். சாதாரணக் கேபிளில் ஓடியது. சிப் வைத்த விலையுயர்ந்த கேபிளில் மாட்டினால், சார்ஜர் அதை ஹெட்போன் அடாப்டர் என்று நினைத்து மின்சாரமே கொடுக்கவில்லை. பிந்தைய போர்டில் சரிசெய்தார்கள். சில காசு ரெசிஸ்டர் ஒன்று குறைந்ததால் வந்த வினை.

மலிவுக் கேபிள் இதைவிடவும் ஆபத்தானது. ஒரு முனை டைப்-ஏ, மறுமுனை டைப்-சி உள்ள கேபிளில் 56 கிலோ-ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். 10 கிலோ-ஓம் வைத்துவிட்டால், "3 ஆம்பியர் வரை இழுத்துக்கொள்" என்று போனிடம் பொய் சொன்னதாகிவிடும். பாவம், அந்தப் பக்கம் இருப்பது பழைய லேப்டாப்பின் சிறு போர்ட். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015-இலும் 2016-இலும் கடையில் விற்ற கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார். ஒயர் மாற்றிக் கோத்த ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பையே பழுதாக்கியது. அவர் செய்தது பெரிய பொதுச் சேவை.

65 வாட் லேப்டாப் சார்ஜரில் போனைப் போட்டால் எரிந்துவிடுமா?

தரமான சார்ஜரில் ஆகாது. டைப்-சி சார்ஜர் எதிரே சாதனம் இருப்பதை உறுதிசெய்யும்வரை வோல்டேஜே கொடுக்காது. உறுதியானதும் 5 வோல்ட். அதற்குமேல் 9, 15, 20 எது வேண்டும் என்று போன் கேட்டால்தான் ஏற்றும். 65 வாட் என்பது அதனால் கொடுக்க முடிந்த அளவு. போன் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும்.

1996-இல் 2.5 வாட் கொடுத்த யூஎஸ்பி, 2012-இல் 100 வாட்டையும் 2021-இல் 240 வாட்டையும் தொட்டது. 60 வாட்டுக்கு மேல் வேண்டுமானால் கேபிளின் பிளக்குக்குள் "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று சொல்லும் ஒரு சிப் இருக்க வேண்டும். 100 வாட் சார்ஜர் வாங்கியும் லேப்டாப் மெதுவாகச் சார்ஜ் ஆனால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சில போன் நிறுவனங்களின் சொந்த அதிவேக சார்ஜிங் முறை அவர்களுடைய கேபிளில் மட்டுமே முழு வேகத்தில் ஓடும்.

போனை டிவியில் மாட்டினால் படம் வரவில்லை. அடாப்டர் பழுதா?

பெரும்பாலும் இல்லை. டைப்-சி வழியாகப் படம் போக, போனுக்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு என்ற வசதி இருக்க வேண்டும். பல நடுத்தர விலைப் போன்களில் அது கிடையாது. அடாப்டர் வாங்கும் முன் போனின் விவரப் பட்டியலில் பாருங்கள்.

தண்டர்போல்ட்டும் யூஎஸ்பி4-ம் ஒன்றா?

உறவினர்கள். அதிவேக இணைப்பு முறையான தண்டர்போல்ட்டை இன்டெல் ஆப்பிளோடு சேர்ந்து 2011-இல் 10 ஜிபிபிஎஸ்ஸில் தொடங்கியது. 2015-இல் வந்த மூன்றாம் பதிப்பு 40-ஐத் தொட்டு டைப்-சி வடிவத்துக்கு மாறியது. 2019-இல் இன்டெல் அந்த நுட்பத்தை யூஎஸ்பி அமைப்புக்கே கொடுத்தது. யூஎஸ்பி4 பிறந்தது அதிலிருந்துதான். வித்தியாசம் கட்டாயத்தில் இருக்கிறது. யூஎஸ்பி4 என்றால் 20-ஆகவும் இருக்கலாம், 40-ஆகவும் இருக்கலாம். தண்டர்போல்ட் 4 என்றால் 40 நிச்சயம், இரண்டு 4கே திரைகள் நிச்சயம். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இது தேவையில்லை. வீடியோ எடிட் செய்பவர்கள் தாராளமாகச் செலவழிக்கலாம்.

எல்லாப் போனும் டைப்-சி என்று சட்டமே வந்துவிட்டதா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் வந்துவிட்டது. போன், டேப்லெட், கேமரா போன்றவற்றுக்கு 2024 டிசம்பர் 28 முதல் கட்டாயம். லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28 முதல். இந்தியாவில் தரங்களை வகுக்கும் பிஐஎஸ் அமைப்பு டைப்-சிக்கான தரத்தை வெளியிட்டுள்ளது.

சரி, எந்தக் கேபிளை வாங்குவது?

இரண்டு எண்களைப் பாருங்கள், வாட்டும் ஜிபிபிஎஸ்ஸும். இரவில் போன் சார்ஜுக்கு 60 வாட், 480 எம்பிபிஎஸ் கேபிள் போதும்; நீளமாகவும் கிடைக்கும், வளைந்தும் கொடுக்கும். எஸ்எஸ்டிக்கு 10 ஜிபிபிஎஸ், 1 மீட்டருக்குள். வேகம் கூடக்கூட கேபிள் குட்டையாகவும் தடியாகவும்தான் இருக்கும். 2 மீட்டர் மெல்லிய கேபிளில் 40 ஜிபிபிஎஸ் என்று மலிவு விலையில் விற்றால் நம்பாதீர்கள். எந்த எண்ணும் அச்சிடாத கேபிளை சார்ஜுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கேபிள் வாங்கியதும் அதன்மேல் வேகத்தை எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள், ஆறு மாதம் கழித்து எது எது என்று தெரியாது.

எடை மேடையும் சிஎன்சி இயந்திரமும் இன்னும் 9 பின் சீரியலில் ஓடுகின்றன. புது லேப்டாப்பில் மாட்ட முடியுமா?

முடியும். ஆர்எஸ்-232 எளிமையானது, டிரைவர் சண்டை இல்லாதது. அதனால்தான் தொழிற்கூடங்களில் இன்னும் வாழ்கிறது. யூஎஸ்பி-டு-சீரியல் கன்வெர்ட்டர் வாங்கும்போது உள்ளே இருக்கும் சிப்பைக் கேளுங்கள். போலிச் சிப்பாக இருந்தால் சிக்கல்: 2014-இல் இந்த வகைச் சிப் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் புதிய விண்டோஸ் டிரைவர் போலிச் சிப்களை அடையாளம் கண்டு முடக்கியது, நன்றாக ஓடிய எத்தனையோ இயந்திரங்கள் திடீரென்று நின்றன. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து அசலையே வாங்குங்கள்.

மாட்டியபின் டிவைஸ் மேனேஜரில் எந்தக் காம் எண் வந்திருக்கிறது என்று பார்த்து, அதே எண்ணை மென்பொருளில் கொடுங்கள். வேகம், பிட் எண்ணிக்கை, பாரிட்டி (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்) மூன்றும் இயந்திரத்தின் கையேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். 9600, 8, பாரிட்டி இல்லை என்பது அடிக்கடி காணும் அமைப்பு. எழுத்துகள் குப்பையாக வந்தால் வேகம் பொருந்தவில்லை. எதுவுமே வராவிட்டால் 2-ஆம், 3-ஆம் பின்களை மாற்றிக் கோத்த கிராஸ் கேபிளைப் போட்டுப் பாருங்கள். 5-ஆம் பின் சிக்னல் கிரவுண்ட், அதை மாற்றாதீர்கள்.